பழைய கார்ல கியர் லீவர் லொடலொடன்னு ஆடுது, ஷார்ட் ஷிஃப்டர் போட்டா சரியாகுமா?

கேள்வி கேட்டவர் சொல்றது இதுதாங்க. 11 வருஷ பழைய ஹேட்ச்பேக், ஃபைவ் ஸ்பீட். நியூட்ரல்ல லீவர் நாலாபக்கமும் ஆடுது, செகண்டு எங்க இருக்குன்னு ஒவ்வொரு தடவையும் தேட வேண்டியிருக்கு, ஆன்லைன்ல ஒரு ஷார்ட் ஷிஃப்டர் கிட் (கியர் மாத்த கை போற தூரத்தை கொறைக்கற மாத்து லீவர்) பாத்து வெச்சிருக்கார், வாங்கலாமான்னு கேக்கறார், கூடவே லீவர் தலையில இருக்கற குமிழ், அதாவது நாப், கனமானதா போடலாமான்னும் கேக்கறார்.

இப்போதைக்கு வாங்காதீங்க. நான் இதையே பண்ணி, மாட்டி, ஏழு மாசம் ஓட்டி, அப்பறம் கழட்டி வெச்சேன், அதனால தான் இவ்ளோ நீளமா எழுதறேன்.

மொதல்ல அந்த கிட் என்ன பண்ணுதுன்னு பாருங்க. முன் சக்கரம் இழுக்கற கார்ல இன்ஜினும் கியர்பாக்ஸும் பானெட்டுக்கு அடியில குறுக்கால கெடக்கு, நீங்க புடிக்கற லீவர் உள்ள உங்க முட்டிக்குப் பக்கத்துல இருக்கு, நடுவுல ரெண்டையும் சேக்கறது ரெண்டு கேபிள். ஒண்ணு முன்ன பின்ன தள்ள, இன்னொண்ணு இடம் வலம் மாத்த. பழைய மாருதி 800 மாதிரி வண்டியில கேபிளுக்கு பதிலா இரும்பு ராடு இருக்கும், ஆனா கணக்கு ஒண்ணு தான். லீவர்ங்கறது கெணத்து ஏத்தம் மாதிரி, நடுவுல ஒரு உருண்டை, அதுக்கு மேல நீளம், கீழ குட்டை. என் வண்டியில அளந்து பாத்தேன், உருண்டைக்கு மேல 240 மில்லி, கீழ கேபிள் மாட்டற ஆணி மாதிரி பின்னு வரைக்கும் 40 மில்லி, அதாவது ஒண்ணுக்கு ஆறு. கேபிள் 20 மில்லி நகர கை 120 மில்லி போகணும். கிட்ல வர்ற லீவர்ல கீழ்ப்பக்கம் 50 மில்லி. இப்ப கை 96 மில்லி போனா போதும், அஞ்சுல ஒரு பங்கு கொறஞ்சிருச்சு. ஆனா தூரம் கொறஞ்சா பலம் கூடும், அதை யாரும் மாத்த முடியாது. முன்ன 4 கிலோ தள்ளுன கை இப்ப 5 கிலோ தள்ளணும்.

இப்ப உங்க ஆட்டத்துக்கு வாங்க. கேபிளோட ரெண்டு முனையிலயும் ஒரு கண்ணு இருக்கும், அதுக்குள்ள ரப்பர்லயோ பிளாஸ்டிக்லயோ ஒரு குட்டி வளையம், அதுக்கு பேரு புஷ், அது தான் பின்னு மேல உக்காரும். கியர்பாக்ஸ் பக்கத்து முனை எப்பவும் இன்ஜின் சூட்டுலயே இருக்கறதால பத்து வருஷத்துல அந்த ரப்பர் காஞ்ச நெல்லிக்காய் மாதிரி சுருங்கிரும். ஒரு முனையில ஒன்றரை மில்லி தேஞ்சா ரெண்டு முனைக்கும் சேத்து 3 மில்லி, அதை ஆறால பெருக்குங்க, உங்க கையில 18 மில்லி வெறும் ஆட்டம். செகண்டை நீங்க தேடறது இதுக்குள்ள தான். ஷார்ட் ஷிஃப்டர் போட்டா இந்த 18, 14 சொச்சம் ஆகும், ஆனா மொத்த தூரமும் 96 ஆயிருச்சே, பங்கு அதே பங்கு தான். தேஞ்ச புஷ் அங்கயே தான் இருக்கு. கிட் மாட்டுன அன்னிக்கு எனக்கு ஜம்முன்னு இருந்துச்சு, ரெண்டு வாரத்துல பாத்தா பழைய லொடலொட, கூடவே கைக்கு கனம்.

எனக்கு வந்த கிட்ல இன்னொரு குறையும் இருந்துச்சுங்க. அது முன்ன பின்ன தூரத்தை மட்டும் தான் கொறைக்கும், இடம் வலம் தூரம் பழையபடியே. தேர்டுலருந்து ஃபோர்த்து பட்டுன்னு விழும், ஆனா ஃபோர்த்துலருந்து ஃபிஃப்த்துக்கு போகறப்ப அகலம் மட்டும் பழைய அளவு, கை குழம்பிப் போகும். கடையில இதை யாரும் சொல்லல.

அப்பா கதையை சொல்லாம இதை முடிக்க முடியாது. அப்பாவுக்கு 68 வயசு, வலது தோள்ல ரொம்ப நாளா வலி, நம்ம ஊர் வண்டியில கியர் இடது கைன்னாலும் வளைவுல அந்த நேரம் பூரா ஸ்டியரிங்கை வலது கை ஒண்ணே தாங்கணும், கியர் சட்டுன்னு விழலைன்னா அந்தத் தோளுக்கு தான் பாரம். அவர் அந்த காலத்துல கியர் லீவர் ஸ்டியரிங் பக்கத்துலயே இருக்கற அம்பாசிடர் ஓட்டுனவர். எனக்கு ஓட்ட சொல்லித் தர்றப்ப ஒண்ணு சொல்லுவார்: "கியரை தள்ளாத கண்ணு, விரலை வெச்சுட்டு காத்திரு, அதுவே உள்ள போகும்." கிட் போட்டதுக்கு அப்பறம் அவர் வண்டி எடுக்கறதே கொறஞ்சு போச்சு. மேட்டுப்பாளையம் போகணும்னா பஸ்ல போறேன்னார். நான் கேட்டா வெயில்னு சொல்வார், பார்க்கிங் இல்லன்னு சொல்வார். ஒரு நாள் கேட்டுக்கு வெளிய ரிவர்ஸ் போட ரெண்டு கையாலயும் லீவரை புடிச்சு அழுத்திட்டு இருந்ததை மாடியிலருந்து பாத்தேன். வாய் விட்டு ஒரு வார்த்தை சொல்லல அவர். அடுத்த ஞாயித்துக்கிழமையே கழட்டிட்டேன்.

அவர் சொன்ன அந்த காத்திருக்கற வேலைக்கு பேரு தான் சிங்க்ரோ. கியர்பாக்ஸுக்குள்ள ஒவ்வொரு கியருக்கும் பக்கத்துல பெரும்பாலும் பித்தளையில செஞ்ச ஒரு வளையம் இருக்கும், நீங்க தள்ளறப்ப அது கியரோட கூம்புல போய் உரசி, சுத்தற வேகம் ரெண்டும் ஒண்ணாகற வரைக்கும் உள்ள விடாது, ஒண்ணானதும் வழி விடும். அரை நொடி கூட ஆகாது, ஆனா அந்த நேரத்தை அதுக்கு குடுத்தே ஆகணும். ஷார்ட் ஷிஃப்டர் போட்டா கை தானா அவசரப்படும், பழைய பித்தளை அதுக்கு ஈடு குடுக்காது. கல்லார் தாண்டி குன்னூர் ஏறறப்ப 14 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொண்ணுலயும் தேர்டுலருந்து செகண்டு இறக்கணும், கிட்டோட அந்த மலை ஏறுன அன்னிக்கு மூணு வளைவுல க்ர்ர்னு பல்லு உரசுன சத்தம் எனக்கே கேட்டுச்சு. கீழ வந்து கியர் ஆயிலை இறக்கிப் பாத்தப்ப விரல்ல தேய்ச்சா ஜரிகை மாதிரி தங்க நிறத்துல மினுமினுப்பு. இரும்புத் தூள்னா ஆயில் இறக்கற டிரெயின் பிளக்ல இருக்கற காந்தம் புடிச்சிருக்கும், பித்தளையை காந்தம் புடிக்காது, ஆயில்லயே மெதக்கும். அது நான் தேய்ச்சு எடுத்தது. இன்னைக்கும் நெனச்சா மனசு கஷ்டமா இருக்கு.

சரி, நீங்க என்ன பண்ணணும்னா, காசு செலவு பண்றதுக்கு முன்னாடி வீட்டு வாசல்லயே ஒரு சோதனை. இன்ஜின் ஆஃப்ல கிளட்ச் அழுத்தி ஒண்ணுலருந்து அஞ்சு, ரிவர்ஸ் வரைக்கும் போட்டுப் பாருங்க. அப்பறம் இன்ஜின் ஆன்ல, வண்டி நின்னபடியே அதையே பண்ணுங்க. ஆஃப்ல வழுக்கிட்டு விழுந்து, ஆன்ல முரண்டு புடிச்சா, ரிவர்ஸ்ல சத்தம் வந்தா, கோளாறு பெரும்பாலும் லீவர்ல இல்ல, கிளட்ச் முழுசா விடுபடல. கிளட்ச் கேபிளோ ஹைட்ராலிக்கோ பாக்கணும், அதுக்கு ஷிஃப்டர் கிட் ஒரு பிரயோஜனமும் இல்ல. ரெண்டுலயும் ஒரே மாதிரி குழகுழன்னு இருந்தா புஷ். காலையில மொத 2 கிலோமீட்டர் மட்டும் செகண்டு கஷ்டமா இருந்து சூடானதும் சரியானா மொதல்ல ஆயிலை பாக்கணும். ஆக்சிலரேட்டர்லருந்து காலை எடுக்கறப்ப லீவர் தானா முன்ன பின்ன குதிச்சா இன்ஜினை தாங்கற ரப்பர், அதாவது இன்ஜின் மவுண்ட் போயிருக்கு, ராடு வண்டியில இது ரொம்ப நல்லாவே தெரியும்.

ஆயில் பத்தி ஒரு வார்த்தை. கியர் ஆயில் தரத்துக்கு ஜிஎல்-4, ஜிஎல்-5னு குறியீடு உண்டு, உங்க மேனுவல்ல ஜிஎல்-4 போட்டிருந்தா ஜிஎல்-4 தான் ஊத்தணும். நம்பர் பெருசு, அப்ப இது இன்னும் ஒசத்தின்னு ஜிஎல்-5 குடுப்பாங்க, வேண்டாம். அது டிஃபரென்ஷியல் கியருக்காக கந்தக பாஸ்பரஸ் சரக்கு அதிகமா சேத்தது, சிங்க்ரோ வளையத்துக்கு உரசல் தான் வேணும், அது வழுக்க விட்டா வேலை ஆகாது, அதுல சில ஆயில் பித்தளையையும் அரிக்கும். இன்னொண்ணு, நீங்களே மாத்தறதா இருந்தா ஊத்தற பக்கத்து பிளக்கை மொதல்ல லூஸ் பண்ணிட்டு அப்பறமா டிரெயினை தொறங்க. பழைய வண்டியில ஊத்தற பிளக் துரு புடிச்சு வராம போயிட்டா, ஆயிலை இறக்குன வண்டியை ரோட்டுக்கு கொண்டு போகவும் முடியாது.

புஷ்ஷுக்கு வருவோம். எனக்கு இதுல தான் ரொம்ப ஈடுபாடு. ஏஜென்சியில கேட்டா பல வண்டிக்கு புஷ் தனியா வராது, கேபிள் செட்டாவே வாங்கணும்பாங்க. கேபிளே உள்ள இறுகிப் போயிருந்தா வாங்கித்தான் ஆகணும், ஆனா என்னது நல்லா வழுக்கிட்டு தான் இருந்துச்சு. அதனால கேபிள் முனையை கழட்டிட்டு கோயமுத்தூர் கணபதியில ஒரு லேத்து பட்டறைக்கு போனேன். பட்டறை அண்ணன் வெர்னியர் வெச்சு பின்னை அளந்தார், கண்ணை அளந்தார், பின்னை சுத்தி சுத்தி நாலு இடத்துல அளந்தார், ஏன்னா தேஞ்சு போன பின்னு வட்டமா இருக்காது. பித்தளையில போடலாமான்னு கேட்டேன். "போடலாம் தம்பி, ஆனா மூவாயிரம் ஆர்பிஎம்ல லீவர் வண்டு மாதிரி கத்தும், பரவால்லியா?"ன்னார். அது ரொம்ப சரி, கம்பெனி அங்க ரப்பர் வெச்சதே கியர்பாக்ஸ் அதிர்வு கைக்கு வராம இருக்கத்தான். நைலானும் வேண்டாம்னார், ஈரம் குடிச்சு உப்பும், மழை காலத்துல இறுகிக்கும். கடைசில டெல்ரின்ங்கற கெட்டி பிளாஸ்டிக். வெள்ளை ராடை சக்குல புடிச்சு டூல் வெச்சதும் கோலப்பொடி நிறத்துல நீள நீளமா சுருள் வந்துச்சு. மொத புஷ் இறுக்கமா போயிருச்சு, மாட்டிப் பாத்தா லீவர் தானா நடுவுக்கு வரல. அந்த நடுவுக்கு கொண்டு வர்ற ஸ்பிரிங் ரொம்ப சன்னமானது, கொஞ்சம் உரசல் இருந்தாலும் தோத்துரும். ரெண்டாவது தடவை பின்னுக்கும் புஷ்ஷுக்கும் பத்துல ஒரு பங்கு மில்லி இடைவெளி விட்டு கடைஞ்சார், கச்சிதம். ரெண்டு புஷ், மெட்டீரியலோட சேத்து 450 ரூபாய் வாங்குனார்.

நான் டெல்ரினை லீவர் பக்கம் மட்டும் போட்டேன். கியர்பாக்ஸ் பக்கம் அளவு ஒத்து வந்த வேற வண்டியோட புது ரப்பர் புஷ் ஸ்பேர்ஸ் கடையில கெடச்சுது, அதிர்வை அது புடிச்சுக்கும். லீவர் உருண்டை உக்கார்ற பிளாஸ்டிக் கிண்ணத்தை டீசல்ல கழுவி புது கிரீஸ் வெச்சேன், பழசு வெல்லப்பாகு மாதிரி கெட்டியா இருந்துச்சு. ரப்பர் படற எடத்துல மட்டும் சிலிகான் கிரீஸ், சாதா கிரீஸ் ரப்பரை உப்ப வெச்சிரும். அடியில லீவர் பிராக்கெட்டை தரையோட புடிச்சிருக்கற நாலு ரப்பரையும் பாக்க மறந்துராதீங்க, அது நசுங்கியிருந்தா லீவர் பெட்டியே மொத்தமா ஆடும், நீங்க புஷ்ஷை குறை சொல்லிட்டு இருப்பீங்க.

எல்லாம் மாட்டி மொத தடவை செகண்டு போட்டப்ப டக்குன்னு ஒரு சின்ன சத்தம், மரப்பெட்டி மூடி உக்கார்ற மாதிரி. பழைய நீள லீவர் தான், அதே 120 மில்லி தான், ஆனா எங்க விழணுமோ அங்க விழுந்துச்சு. நீளம் வேற, ஆட்டம் வேறங்கறது எனக்கு அன்னிக்கு தான் மண்டையில ஏறுச்சு. ஜீப் லீவரை பாருங்க, முழம் நீளம் இருக்கும், கியர்பாக்ஸ் மேலயே நேரா நிக்கறதால நடுவுல கேபிள் ராடு எதுவும் இல்ல, கியர் பல்லு உக்கார்றது கையில தெரியும். மஸ்டா எம்எக்ஸ்-5ங்கற ஸ்போர்ட்ஸ் காரோட கியர் பத்தி உலகமே புகழறதுக்கும் பாதி காரணம் அதே தான், லீவர் நேரா கியர்பாக்ஸ் தலையில நிக்குது, கூடவே தூரமும் குட்டை.

கனமான நாப் போடலாமான்னும் கேட்டிருந்தீங்க. போடலாம், அதுல உண்மையிலயே பலன் இருக்கு, 300, 400 கிராம் எடை லீவர் தலையில இருந்தா கை குடுத்த வேகத்தை அது தாங்கிட்டுப் போய் சிங்க்ரோ முட்டற எடத்தை தாண்டிரும், கைக்கு வழுக்கற மாதிரி தெரியும். ஆனா மரை அளவு பாத்து வாங்குங்க, ஹோண்டாவுக்கு 10 மில்லி ஒன்றரை பிட்ச், டொயோட்டாவுக்கு 12 மில்லி ஒண்ணேகால் பிட்ச், இப்படி வண்டிக்கு வண்டி மாறும். ரிவர்ஸ் போட நாப்புக்கு கீழ வளையத்தை தூக்கற வண்டின்னா அதுக்கு இடம் விடற நாப்பா இருக்கணும், இல்லன்னா ரிவர்ஸே விழாது. வெறும் ஸ்டீல் நாப் மட்டும் வேண்டாம், சித்திரை வெயில்ல ரெண்டு மணி நேரம் வெளிய நின்ன வண்டியில அதை கையால தொட முடியல, நான் தோல் உறை தெச்சு போட்டிருக்கேன். தேர்டோ ஃபிஃப்த்தோ தானா வெளிய குதிக்கற வண்டியில கன நாப் போடவே கூடாது, பள்ளத்துல இறங்கறப்ப அந்த எடையே கியரை வெளிய இழுத்துரும்.

இதெல்லாம் பண்ணி முடிச்சு, கிளட்ச் சரி, ஆயில் புதுசு, ஆட்டம் இல்ல, அப்பறமும் தூரம் அதிகம்னு தோணுனா கிட் வாங்குங்க, தப்பே இல்ல. 20 சதவீதத்துக்கு மேல கொறைக்கற கிட் பக்கம் போகாதீங்க, கழட்டுன பழைய லீவரை தூக்கிப் போட்டுராதீங்க. அந்த வண்டியை வீட்ல வேற யாராவது ஓட்டறாங்கன்னா மாட்டுன அன்னிக்கே அவங்களை உக்கார வெச்சு ரிவர்ஸ் போடச் சொல்லி பக்கத்துல நின்னு பாருங்க. அப்பா இப்ப மறுபடி மேட்டுப்பாளையம் அவரே ஓட்டிட்டு போறார்.

உங்க வண்டி கேபிளா ராடான்னு நீங்க எழுதல. ஏர் ஃபில்டர் பெட்டியை கழட்டுனா கியர்பாக்ஸ் மேல கேபிள் முனை ரெண்டும் தெரியும், ஒருத்தரை உள்ள உக்காந்து லீவரை மெதுவா ஆட்டச் சொல்லி, லீவர் அசைஞ்சும் கேபிள் மாட்டியிருக்கற கியர்பாக்ஸ் கை அசையாம எவ்ளோ நேரம் நிக்குதுன்னு போன்ல வீடியோ எடுத்து கமெண்ட்ல போடுங்க, பாத்துட்டு எந்த புஷ்னு சொல்றேன்.