ஐந்து வயதில் உலக வரைபடம் எதற்கு?

கேள்வி: என் மகளுக்கு ஐந்து வயது. சுவரில் மாட்டிய உலக வரைபடத்தை அவள் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. நாடுகள், தலைநகரங்கள் கற்றுத்தரும் பயிற்சியில் இப்போதே சேர்க்காவிட்டால் பின்தங்கிவிடுவாள் என்று ஒருவர் வற்புறுத்துகிறார். சேர்க்கலாமா?

பதில்: சேர்க்காதீர்கள். இந்தப் பயிற்சியை விற்பவர்கள் வழி எல்லா இடத்திலும் ஒன்றுதான். முதலில் இலவசமாக ஒரு சோதனை. கொடிகளையும் தலைநகரங்களையும் கேட்பார்கள், குழந்தை விழிக்கும், அப்புறம் முன்பணம், தொகுப்புப் பெட்டி. பெயர்களை ஒப்பிக்கத் தெரிந்த பிள்ளைக்கு வரைபடம் படிக்கத் தெரியும் என்று அர்த்தமில்லை. பள்ளிகளும் அச்சடித்த வெற்றுப் படத்துக்கு வண்ணம் அடிக்கவைத்து மதிப்பெண் போடுகின்றன. அதனால்தான் இந்த வியாபாரம் செழிக்கிறது. எத்தனை வருடமாகச் சொன்னாலும் மாற்ற மாட்டேன் என்கிறார்கள்.

உங்கள் மகள் பின்தங்கவில்லை. 1987-இல் ஜூடி டிலோச் என்ற உளவியலாளர் ஒரு சோதனை செய்தார். ஒரு அறையின் சிறிய மாதிரியில் குட்டிப் பொம்மையை ஒளித்துவைப்பதைக் காட்டியதும், மூன்று வயதுப் பிள்ளைகள் பெரும்பாலும் நிஜ அறையில் அதே இடத்துக்குப் போய், அங்கே ஒளித்துவைத்திருந்த பெரிய பொம்மையை எடுத்தார்கள். இரண்டரை வயதினரால் அது முடியவில்லை. ஆக, ஐந்து வயதுக்குத் தயார்நிலை வந்துவிட்டது. ஆனால் அவளுக்குத் தெரிந்த இடமாக இருக்கவேண்டும்.

தரையில் தாளை விரித்து, கோப்பை, பெட்டி, செருப்பு என நாலைந்து பொருள்களை வையுங்கள். அடியைச் சுற்றிக் கோடு போடச் சொல்லிவிட்டுப் பொருள்களை எடுத்துவிடுங்கள். தாளில் மிஞ்சுவதுதான் அவளுடைய முதல் வரைபடம். அடுத்து அவள் அறையை வரையட்டும். எதையாவது ஒளித்துவைத்து, படத்தில் புள்ளி வைத்துக் கொடுங்கள். படத்திலுள்ள கதவு நிஜக் கதவின் பக்கம் இருக்கும்படி தாளைத் திருப்பிப் பிடிப்பது முக்கியம். திரும்பிய படம் பெரியவர்களையே குழப்பும். கட்டில் பெரிதாகிவிட்டது என்று திருத்தாதீர்கள். அளவு பிறகு வரும்.

உலகத்தைக் காட்டியே தீரவேண்டும் என்றால் ஒரு விதிவிலக்கு உண்டு: உலக உருண்டை. தட்டைத் தாள் எதுவும் உலகத்தைச் சிதைக்காமல் காட்ட முடியாது. 1569-இல் மெர்கேட்டர் என்ற வரைபட வல்லுநர் மாலுமிகளுக்காக வகுத்த முறையில் கிரீன்லாந்து கிட்டத்தட்ட ஆப்பிரிக்கா அளவுக்குத் தெரியும். உண்மையில் ஆப்பிரிக்கா சுமார் 14 மடங்கு பெரியது. உருண்டையில் இந்தத் தவறு இல்லை. அதிலும் பெயர்கள் குறைவாக, நிலமும் கடலும் பளிச்சென்று தெரிவதாகப் பாருங்கள். பேசும் உருண்டை, மின்பேனா வைத்த உருண்டை வேண்டாம், அவை மறுபடியும் பெயர் ஒப்பிக்கத்தான் பழக்கும். சாதாரண உருண்டையைக் கையில் கொடுத்துச் சுற்றவிடுங்கள். சுவர்ப் படத்தை இப்போதைக்குச் சுருட்டி வைத்துவிடலாம்.