தமிழ்ப்பள்ளி வகுப்பறையில் தொழில்நுட்பம்: நன்மை அதிகமா, தீமை அதிகமா?

பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் காசு சேர்த்துப் பிள்ளைக்கு ஒரு டேப்லட் வாங்கித் தரலாமா, அதனால் படிப்பு வளருமா கெடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியை. சுற்றிலும் செம்பனை (பாமாயில் எடுக்கிற மரம்), என் வகுப்பில் 14 பேர். என்னைக் கேட்டால் வகுப்புக்கு ஒரு திரை கட்டாயம் வேண்டும், ஆளுக்கொரு திரை இப்போதைக்கு வேண்டாம்.

ஏன் வேண்டும் என்பதை முதலில் சொல்கிறேன். போன வருடம் டிங்கிக் காய்ச்சல் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது ஒரு பையன் வீட்டுக்குப் பின்னால் கிடந்த பெயிண்ட் டின்னில் தேங்கிய தண்ணீரைக் கண்ணாடிக் குவளையில் கொண்டுவந்தான். வெறும் கண்ணுக்கு ஏதோ தூசு நெளிகிற மாதிரிதான் இருந்தது. என் கைப்பேசியைப் புரொஜெக்டரில் மாட்டி, கேமராவைக் குவளையோடு ஒட்டிப் பிடித்தேன். சுவரில் ஒரு முழ நீளத்துக்குக் கொசுப்புழு! தலைகீழாகத் தொங்கிக்கொண்டு, வால் பக்கத்துக் குழாயை மட்டும் தண்ணீரின் மேல்மட்டத்தில் வைத்திருந்தது. "டீச்சர், அது வாலால மூச்சு விடுது!" என்று பின்வரிசையிலிருந்து ஒரு பிள்ளை கத்தினாள், வழக்கமாக வாயே திறக்காதவள். அன்று சாயங்காலமே பிள்ளைகள் பூச்சட்டி, பழைய டயர் எல்லாவற்றையும் கவிழ்த்துக் கொட்டினார்கள் என்று அம்மாக்கள் சொன்னார்கள். பாடப்புத்தகப் படத்தைக் காட்டி நான் பத்து வருடம் நடத்திய அதே பாடம்தான் இது. பதினான்கு பேரும் ஒரே படத்தைப் பார்த்து ஒருவரையொருவர் கேள்வி கேட்டதால்தான் அன்று அப்படிப் பிடித்துக்கொண்டது.

சரி, ஆளுக்கொன்று ஏன் வேண்டாம்? கோவிட் காலத்தில், 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து பள்ளி மூடியதும் என்ன நடந்தது என்று உங்களுக்கே தெரியும். அந்த வருடம் கல்வி அமைச்சு பெற்றோர்களிடம் எடுத்த கணக்கெடுப்பில் 36.9 விழுக்காட்டு மாணவர்களிடம் எந்தக் கருவியும் இல்லை என்று தெரிந்தது. எங்கள் பக்கம் வீட்டுக்கு ஒரு கைப்பேசி, அதுவும் அப்பாவின் சட்டைப்பையில். அவர் ஆலையில் ஷிப்ட் முடிந்து வந்த பிறகுதான் பிள்ளை படிக்க முடியும். வகுப்பின் புலனக் குழுவில் (வாட்ஸ்அப்பை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) இரவு பதினொரு மணிக்கு நோட்டுப் படம் வந்து விழும், பாதி எழுத்து நிழலில் மறைந்திருக்கும், கீழே "மன்னிச்சிக்குங்க டீச்சர், இப்பதான் வேல முடிஞ்சிச்சு" என்று அப்பா எழுதியிருப்பார். அந்த அப்பாக்களை நினைத்தால் இன்னமும் எனக்கு மனசு கனக்கிறது.

கருவி இல்லாதது கஷ்டம்தான். ஆனால் கருவி இருந்த வீட்டுப் பிள்ளைகளுக்கும் ஒரு நஷ்டம் இருந்தது, அது பள்ளி திறந்த பிறகுதான் தெரிந்தது. கைப்பேசியில் தமிழை வேகமாகத் தட்டத் தெரிந்த ஒரு பிள்ளை, நோட்டில் 'கொடி' என்பதைக் 'கெடி' என்று எழுதினாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து கவனித்தேன். கொம்பு போட்டாள், ககரம் போட்டாள், அத்தோடு பென்சிலை எடுத்துவிட்டாள். திரையில் ஒகரத்தைத் தொட்டால் முன்னால் கொம்பும் பின்னால் காலும் தானாக வந்து உட்கார்ந்துவிடும், கால் என்று தனியாக ஒன்று இருப்பதே அவள் கைக்குத் தெரியவில்லை. ணகர னகரமும் அப்படித்தான், இரண்டு எழுத்து தட்டியதும் முழுச் சொல்லையும் கைப்பேசியே எடுத்துக் கொடுத்துவிடுகிறது. அவளைப் பழையபடி எழுத வைக்க ஒரு பள்ளிப் பருவம் முழுக்க ஆயிற்று, தினமும் பத்து நிமிடம் சொல்வதெழுதல், வேறு வழியில்லை.

அப்புறம் கவனச்சிதறல். பல நாட்டு மாணவர்களைச் சோதிக்கிற 2022 பீசா (PISA) ஆய்வில், சில கணிதப் பாடங்களிலாவது மின்னியல் கருவியால் கவனம் சிதறுகிறது என்று, அந்த ஆய்வை நடத்தும் ஓஇசிடி (OECD) அமைப்பின் உறுப்பு நாடுகளில் சராசரியாக 65 விழுக்காட்டு மாணவர்கள் தாங்களே சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் பதினைந்து வயதுக்காரர்கள், நம் பிள்ளைகளுக்குப் பத்து வயது.

இடைநிலைப்பள்ளிக்குப் போன பிறகு கதை வேறு. படிவம் நான்கில், அதாவது பதினாறு வயதில், அறிவியல் எடுக்கிற பிள்ளைக்கு இயங்கலை (ஆன்லைன்) பாடங்கள் பெரிய வரம், டியூஷனுக்குப் பட்டணம் போக பஸ் காசு இல்லாத வீட்டில் இன்னும் அதிகம். அதனால் எதிர்க்கிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சங்கத்தில் காசு இருந்தால் முதலில் கெட்டித் துணியில் கருப்புத் திரைச்சீலை தையுங்கள். எங்கள் வகுப்பில் பத்து மணிக்கு மேல் ஜன்னல் வெயில் சுவரில் விழுந்து படமே தெரியாமல் போகும், இரண்டு வருடம் புரொஜெக்டரைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தோம். பிறகு நீளமான ஒயர் ஒன்று, மாற்று பல்பு ஒன்று. மிச்சப் பணத்தில் கையால் எழுதிப் பழகக் கோடு போட்ட நோட்டு வாங்குங்கள், பிள்ளைக்கு இரண்டு.