கம்மாலைக் கேள்விகள்: வரி விழுந்த அலகும் சாரத் துணிப் பிடியும்

மாங்குளத்தில் கம்மாலை நடத்தும் கொல்லர் ஒருவர், கையால் செய்யும் கத்திகள் பற்றிய வாசகர் கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறார்.

கனடாவிலிருந்து வந்த மைத்துனர், கையால் செய்த கத்தியொன்றைப் பரிசாகத் தந்தார். அலகு முழுவதும் அலை அலையாக வரிகள். 'டமஸ்கஸ்' உருக்கு என்கிறார். அது உண்மையா, மேலே கீறிய கோலமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
– வாசகர், வவுனியா

கத்தியின் முதுகைப் பாருங்கள். பக்கத்தில் ஓடும் வரி முதுகின் மேல் ஏறி மறுபக்கம் இறங்கினால் மைத்துனர் ஏமாறவில்லை. முதுகை மினுக்கியிருந்தால் வரி தெரியாது. அப்போது பிடியை ஒட்டிய ஓர் ஓரத்தில் 1000 இலக்க உப்புத்தாளால் மெல்லத் தேயுங்கள். வரி மங்கும். பிறகு அந்த இடத்தைச் சீனி போடாத கடும் கோப்பியில் சில மணி நேரம் ஊற வையுங்கள். உண்மையான வரி திரும்பி வரும். லேசரால் கீறியது போனது போனதுதான். பட்டறைகளில் இதற்குப் பெரிக் குளோரைட்டு பாவிப்பார்கள். வீட்டில் அது வேண்டாம், தரையும் சட்டையும் பாழாகும்.

வரி எப்படி வருகிறது என்றும் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலும் 1095, 15என்20 என்ற இரண்டு உருக்குகளை மாறி மாறி அடுக்குவார்கள். முதலாவதில் கரி, அதாவது காபன், நூற்றுக்கு ஒன்றுக்குச் சற்றுக் குறைவு. இரண்டாவதில் நிக்கல் 2 சதவீதம் அளவில் உண்டு. வெண்காரம் தூவி, வெண்மஞ்சளாகக் காய்ச்சி, அடித்து ஒட்டி, நீட்டி மடிப்பார்கள். 10 தகட்டில் தொடங்கினால் நான்காவது மடிப்பில் 160 அடுக்கு. அமிலத்தில் தோய்க்கும்போது நிக்கல் உள்ள அடுக்கு வெள்ளியாக நிற்கும், மற்றது கறுக்கும். முறுக்கி அடித்தால் ஒரு கோலம், குழி போட்டுத் தேய்த்துத் தட்டையாக்கினால் இன்னொன்று. வாயருகே, அதாவது வெட்டும் விளிம்பருகே, வரி இல்லாமல் வெறும் உருக்குத் தெரிந்தால் பதற வேண்டாம். நடுவில் ஒரே உருக்கை வைத்து இரு பக்கமும் வரி உருக்கை ஒட்டுவது நல்ல முறை.

பழைய காலத்து டமஸ்கஸ் வாள் வேறு சாதி. அது மூசையில், அதாவது உலோகம் உருக்கும் மண் கலத்தில், உருக்கிய கட்டியிலிருந்து வந்தது. ஆறும்போது உள்ளே கரி ஒழுங்காகப் பிரிந்ததால் வந்த வரி அது, மடித்து வந்ததல்ல. அந்த மூசை உருக்கு தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் செய்யப்பட்டு மேற்கே கப்பலேறியது. நம் நாட்டில் சமனலவெவப் பக்கம், தென்மேற்குப் பருவக்காற்றாலேயே ஊதப்பட்ட இரும்பு உலைகளை அகழ்ந்திருக்கிறார்கள். துருத்தி இல்லாத உலை! துருத்திக் கயிறு இழுத்தே வளர்ந்தவனுக்கு அது பொறாமை தரும் செய்தி.

உங்கள் கத்தி எவ்வளவு அழகானாலும் வெட்டுவது வாய்தான், வரியல்ல. தக்காளியை அமர்த்தாமல் அரியுமா என்று பாருங்கள்.

மான் கொம்பில் பிடி போட்டுத் தருவீர்களா?
– வாசகர், செட்டிகுளம்

மாட்டேன். 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. காட்டில் உதிர்ந்து கிடந்தது என்று சொல்லி நீதிமன்றத்துக்கு அலைய எனக்கு நேரமில்லை. கொம்பு போலவே தோன்றும் ரெசின் துண்டுகள் கிடைக்கின்றன. அவை எனக்குப் பிடிப்பதில்லை. ஆனால் உங்கள் பணம்.

கத்தி செய்யப் பழகுகிறேன், ஐயா. முதிரை, பாலை எல்லாம் இங்கே கிடைக்கும்போது எல்லோரும் மைகார்ட்டா, ஜி10 என்று செயற்கைப் பிடிக்கு ஏன் ஓடுகிறார்கள்?
– வாசகர், ஒட்டுசுட்டான்

தம்பி, முதிரையின் மினுக்கத்துக்கு நிகர் எதுவுமில்லை. ஆனால் வன்னிக் காலநிலை மரப் பிடிக்குப் பகை. சோளகம் அடிக்கும்போது மரம் காய்ந்து சுருங்கும், மாரியில் ஊதும். இரண்டு வருடத்தில் பிடிக்கும் இரும்புக்கும் நடுவே நகம் நுழையும் இடைவெளி வந்துவிடும். உள்ளே துரு குடியேறும். எண்ணெய் பூசிப் பேணுகிறவர்களுக்கு மட்டும் நான் மரப் பிடி போடுகிறேன்.

மைகார்ட்டா என்பது துணியையோ கடதாசியையோ பீனோலிக் ரெசினில் தோய்த்து, சூட்டிலும் அழுத்தத்திலும் இறுக்கிய பலகை. 1910 அளவில் அமெரிக்காவில் மின் காப்புப் பொருளாகப் பிறந்தது. ஜி10 கண்ணாடி நார்த் துணியும் எபொக்சியும் சேர்ந்தது. இரண்டும் தண்ணீருக்கு அசையாது. துணி மைகார்ட்டாவை அதிகம் மினுக்காமல் விட்டால், ஈரக் கையில் இன்னும் நன்றாகப் பிடிக்கும். அதற்காகவே நான் அதன் பக்கம்.

விலை அதிகமென்றால் நீயே செய்யலாம். பழைய பருத்திச் சாரம் ஒன்றை எடு. பொலியெஸ்டர் கலந்தது ரெசினைக் குடிக்காது. கீலங்களாக வெட்டி, ஒவ்வொன்றையும் எபொக்சியில் தோய்த்து அடுக்கு. பொலித்தீன் சுற்றிய இரண்டு பலகைகளுக்கு நடுவே வைத்து இறுக்கி, ஒரு நாள் விடு. படகு ஒட்டும் ரெசின் மலிவு என்று முல்லைத்தீவுப் பையன்கள் பாவிக்கிறார்கள். ஆகும், ஆனால் அது முறுகலானது, ஆணித் துளை போடும்போது விளிம்பு உடையும். சாரத்தின் கட்டங்கள் தேய்க்கத் தேய்க்க வளைந்து வளைந்து வெளிவருவதைப் பார்த்தால் கடைப் பலகை வாங்க மனம் வராது.

தூசியில் மட்டும் விளையாடாதே. ஜி10 தூசி கண்ணாடித் தூசி. துணியை மூக்கில் கட்டிக்கொள்வது போதாது. நுண்தூசி வடிகட்டும் முகக்கவசம் போட்டு, தண்ணீர் விட்டு, காற்றோட்டமான இடத்தில் தேய். ஒட்டும்போது எபொக்சியை மட்டும் நம்பாமல் இரண்டு பித்தளை ஆணியும் அடி.

மீன் வெட்டும் தொழில் என்னுடையது. அலகில் சுத்தியல் தழும்பு உள்ள கத்தியில் சதை ஒட்டாது என்று விற்கிறவர் சொல்கிறார். வாங்கலாமா?
– வாசகி, முல்லைத்தீவு

தங்கச்சி, கொஞ்சம் உண்மை, நிறைய வியாபாரம். பள்ளத்தில் காற்று நிற்பதால் கிழங்கு, வெள்ளரி சற்று இலகுவாகக் கழரும். கொழுப்பும் வழுவழுப்பும் உள்ள மீனில் அந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. மாறாக, செதிளும் இரத்தமும் குழிக்குள் தங்கும். தேய்த்துக் கழுவ நேரம் போகும். நாள் முழுவதும் உப்புத் தண்ணீரில் நிற்கிற உங்களுக்கு வழவழப்பான, துருப்பிடிக்காத உருக்கு அலகும் செயற்கைப் பிடியுமே பொருத்தம். தழும்புக் கத்திதான் வேண்டுமென்றால், தழும்பு வாயிலிருந்து ஒரு விரல் அகலம் தள்ளி நிற்கிறதா என்று பாருங்கள். அருகே இருந்தால், தீட்டித் தீட்டி வாய் அந்தப் பள்ளத்தைத் தொடும் நாளில் பல் பல்லாகிவிடும்.

பழைய இரும்பு பொறுக்கிக் கத்தி அடிக்கிறேன். தழும்பும் போட்டேன். காய்ச்சிய அலகைத் தண்ணீரில் தோய்ச்சல் கொடுத்தபோது வெடித்துவிட்டது. ஏன்?
– வாசகர், கிளிநொச்சி

பொறுக்கிய இரும்பு என்றதும் என் கை நடுங்குகிறது. காணியில் கிண்டும்போது வந்த குழாய், உருளை, அடையாளம் தெரியாத எந்த உலோகமும் உலைக்குப் போகக் கூடாது. அது வெடிபொருளாக இருக்கலாம். தொடாமல் விலகி 119க்கு அறிவியுங்கள். யுத்தம் 2009இல் முடிந்தது, நிலம் இன்னும் முடிக்கவில்லை.

லொறி வில்லுத்தகடு வாங்குங்கள். அதில் கரி 0.6 சதவீதம் அளவில் இருக்கும், கத்திக்குப் போதும். பாரம் சுமந்து களைத்த தகட்டில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருக்கலாம். முடிந்தால் புதிய துண்டு. அந்த உருக்குக்குத் தண்ணீர் கூடாது, எண்ணெய்தான். காந்தம் ஒட்டாத நிலைக்கு, அதாவது 770 பாகைக்கு மேல், இன்னும் கொஞ்சம் காய்ச்சி, இளஞ்சூடான மரக்கறி எண்ணெயில் தோயுங்கள். தழும்பு போட்டதும் குற்றமல்ல, கூர்மூலையாக விட்டதுதான் குற்றம். வெடிப்பு அங்கேதான் பிறக்கும். சுத்தியலின் முகத்தை உருட்டி வையுங்கள்.

தோய்ந்த அலகைக் கை பொறுக்கும் சூட்டுக்கு வந்தவுடனே 200 பாகையில் இரண்டு மணி நேரம், இரு தடவை வாட்ட வேண்டும். அடுப்பு இல்லையென்றால் பக்கத்து வெதுப்பகத்தில் பாண் எடுத்தபின் கேட்டுப் பாருங்கள். எண்ணெயைச் சுத்தமாகத் துடைத்துவிட்டுக் கொண்டுபோங்கள், இல்லாவிட்டால் மறுநாள் பாண் மணக்கும், அடுத்த தடவை கதவு திறக்காது.