டென்ஷன் வந்தா வயிறு கலக்குது, டெஸ்ட்ல எல்லாமே நார்மல்னு வருது, அப்போ எனக்கு என்னதான் பிரச்சனை?

இன்டர்வியூ, பரிட்சைனு எது வந்தாலும் காலைல திரும்பத் திரும்ப பாத்ரூம் ஓட வேண்டியிருக்கு, குமட்டுது, சாப்பாடு எறங்க மாட்டேங்குது, ஸ்கேன் எடுத்தா ஒன்னுமில்லங்கறாங்க, அப்போ இதெல்லாம் என் கற்பனையானு கேட்டிருக்கீங்க. இல்லவே இல்லைங்க. உங்க குடல் நெஜமாவே வேகமா ஓடுது, இரைப்பை நெஜமாவே நின்னு போகுது, வலியும் நெஜம். ஸ்கேன்ல தெரியறது உறுப்போட உருவம், அது வேலை செய்யற விதம் அதுல தெரியாது.

எனக்கு இது பல வருஷமா இருக்கு, இப்போ நல்லாவே கொறஞ்சிருக்கு, அதனால தான் இவ்ளோ நீளமா எழுதறேன். வீடு பொள்ளாச்சி, வேலை கோயமுத்தூர்ல ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல, தினமும் பஸ் தான். பஸ் ஏறும்போது ஒன்னும் இருக்காது, கிணத்துக்கடவு நெருங்க நெருங்க அடிவயித்துல ஒரு முறுக்கு ஆரம்பிக்கும், உள்ளங்கை வேர்க்கும், வாய் வறண்டு போகும், இப்போ அவசரமா வந்துட்டா என்ன பண்றதுங்கற ஒரே நெனப்பு மட்டும் தான் ஓடிட்டே இருக்கும், பஸ்ல டாய்லெட் கிடையாது, பொம்பளைங்க நடுவழில எறங்கி எங்க போறது சொல்லுங்க. உக்கடத்துல எறங்கி ஆபீஸ் போய் உக்காந்தா கொஞ்ச நேரத்துல வயிறு தானா அடங்கிரும். சாயங்காலம் அதே ரோடு அதே பஸ், ஒன்னுமே ஆகாது. டாக்ஸ் ஆடிட் சீசன் வந்தா மட்டும் ரெண்டு பக்கமும் கஷ்டம்.

வீட்ல வாய்வுன்னாங்க, உடம்பு சூடுன்னாங்க, அம்மா ஓமத்தண்ணி வெச்சுக் குடுத்தாங்க, மெடிக்கல்ல கேட்டா கேஸ் மாத்திரை ஒரு பட்டை. ரத்தம், மோஷன், ஸ்கேன், எண்டோஸ்கோபி எல்லாம் பாத்தாச்சு, எல்லாமே நார்மல். கடைசியா பாத்த குடல் டாக்டர் ஒரு கேள்வி கேட்டார், "ஞாயித்துக்கிழமை எப்படிம்மா இருக்கும், ராத்திரி தூக்கத்துல இருந்து எழுப்புதா?"னு. ஞாயித்துக்கிழமை பெரும்பாலும் ஒன்னுமே இருக்காது, ராத்திரி எழுப்புனதே கிடையாது. இதுக்கு அவர் சொன்ன பேர் ஐபிஎஸ் (IBS), அதாவது இரிட்டபிள் பவல் சிண்ட்ரோம், தமிழ்ல எரிச்சல் குடல் நோய். கூடவே, "வலி இல்லன்னு நான் சொல்லலம்மா, குடலுக்கும் மூளைக்கும் நடுவுல போற தகவல்ல தான் கோளாறு"ன்னு ரொம்ப பொறுமையா வெளக்குனார். அந்த வெளக்கம் எனக்கு பாதி மருந்து.

அவர் சொன்னதையும் நான் அப்புறம் படிச்சதையும் சேத்து சொல்றேன். உணவுக்குழாய்ல இருந்து ஆசனவாய் வரைக்கும் குடல் சுவருக்குள்ளயே ஒரு தனி நரம்பு வலை இருக்கு, அதுல 10 கோடிக்கு மேல நரம்பு செல் இருக்கு. செரிமானத்த மூளையக் கேக்காமலே அதால நடத்த முடியும். மூளைக்கும் அதுக்கும் நடுவுல வேகஸ்னு ஒரு நரம்பு போகுது, அதுல இருக்கற இழைகள்ல சுமார் 80 சதவீதம் கீழ இருந்து மேல, அதாவது வயித்துல இருந்து மூளைக்கு சேதி கொண்டு போறது. மூளை தான் வயித்துக்கு உத்தரவு போடுதுன்னு தான நாம நெனைக்கறோம், ஆனா வயிறு மூளைக்கு சொல்றது தான் அதிகம். மனசு சம்பந்தப்பட்டதுன்னு நாம கேள்விப்படற செரடோனின் இருக்கே, அது உடம்புல சுமார் 90 சதவீதம் குடல்ல தான் இருக்கு, குடல் அசைவுக்கே அது வேணும்.

பயம் வந்தா என்ன ஆகுதுன்னா, உடம்பு சண்டை போடவோ ஓடவோ தயாராகுது, செரிமானத்துக்கு போற ரத்தம் கொறஞ்சு கை கால் தசைக்கு போகுது, எச்சில் சுரக்கறது கொறையுது, அதான் வாய் வறண்டு போறது. மூளைல இருந்து சிஆர்எஃப்னு ஒரு ஹார்மோன் வருது, இது இரைப்பை காலியாகுறத மெதுவாக்கும், அதே சமயம் பெருங்குடல வேகப்படுத்தும். மேல நின்னு போகுது, கீழ ஓடுது. நீங்க கேட்டீங்களே, குமட்டலும் பேதியும் எப்படி ஒரே நேரத்துல வருதுன்னு, காரணம் இது தான். பதட்டத்துல வேகவேகமா மூச்சு விட்டு காத்த முழுங்கறதால ஏப்பமும் வயிறு உப்பலும் வேற சேந்துக்கும்.

இது இன்னிக்கு நேத்து கண்டுபிடிச்சதும் இல்ல. எக்ஸ்ரே வந்த புதுசுல, 1890கள்ல, அமெரிக்காவுல வால்டர் கேனன்னு ஒருத்தர், அப்போ அவர் ஹார்வர்டுல மருத்துவ மாணவர், பூனைக்கு எக்ஸ்ரேல தெரியற பிஸ்மத்ங்கற ஒரு பொருள் கலந்த சாப்பாடு குடுத்து இரைப்பை அசையறத எக்ஸ்ரேல பாத்துட்டு இருந்தார். பூனை மெரண்டாலோ கோவப்பட்டாலோ அந்த அசைவு அப்படியே நின்னுருது, தடவிக் குடுத்து அது அமைதியானா மறுபடி ஆரம்பிக்குது. பூனைக்கு கற்பனை நோய்னு யாரும் சொல்ல முடியாதில்ல, இதப் படிச்சப்போ எனக்கு அவ்ளோ ஆறுதலா இருந்துச்சு.

ஒன்னு தெளிவா சொல்லிடறேன், டென்ஷன்ல அல்சர் வந்துரும்னு நம்ம ஊர்ல எல்லாரும் சொல்வாங்க. பெரும்பாலான அல்சருக்கு காரணம் ஹெலிகோபாக்டர் பைலோரிங்கற பாக்டீரியா, இல்லன்னா தொடர்ந்து போடற வலி மாத்திரை. அந்த பாக்டீரியாவக் கண்டுபிடிச்ச பேரி மார்ஷல், ராபின் வாரன் ரெண்டு பேருக்கும் 2005ல நோபல் பரிசு குடுத்தாங்க. அதனால அல்சர்னு உறுதியானா டென்ஷன கொறைச்சா சரியாயிரும்னு இருந்துடாதீங்க, அதுக்கு மருந்து எடுக்கணும்.

ஐபிஎஸ்ல இன்னொரு விஷயம், குடல் நரம்பே கூர்மையாயிருது. குடலுக்குள்ள சின்ன பலூன ஊதிப் பாத்த ஆய்வுகள்ல, மத்தவங்களுக்கு லேசா தெரியற அழுத்தமே ஐபிஎஸ் இருக்கற பலருக்கு வலியா தெரியுது, ரேடியோல வால்யூம கூட்டி வெச்ச மாதிரி. இங்க தான் ஒரு வட்டம் உருவாகுது. வயித்துல சின்னதா ஒரு சத்தம், உடனே ஐயோ வந்துருச்சுன்னு பயம், பயத்துல குடல் இன்னும் வேகமாகுது, அதப் பாத்து இன்னும் பயம். என்னோட பஸ் கதை முழுக்க இந்த வட்டம் தான், ஆபீஸ் பயம் எப்பவோ பின்னாடி போயி வயித்தப் பத்தின பயமே முன்னாடி வந்து நின்னுருச்சு. மாத்திரை, சாப்பாடு எல்லாத்த விடவும் இத ஒடைக்கறது தான் முக்கியம்னு நான் நம்பறேன்.

அதுக்கு முன்னாடி வேற நோய் இல்லன்னு உறுதி பண்ணிக்கோங்க, இதுல தயவுசெஞ்சு சமாதானம் ஆகாதீங்க. மோஷன்ல ரத்தம், காரணமே இல்லாம எடை கொறையறது, ராத்திரி தூக்கத்துல இருந்து எழுப்பற வலி இல்ல பேதி, காய்ச்சல், ரத்தசோகை, விடாத வாந்தி, வீட்ல யாருக்காவது குடல் புற்றுநோய், அம்பது வயசு கிட்ட புதுசா ஆரம்பிச்சது, இதுல ஒன்னு இருந்தாலும் டென்ஷன்னு நீங்களே முடிவு பண்ணாம டாக்டர பாருங்க. தைராய்டும் ஒரு தடவ பாத்துருங்க, அது அதிகமா சுரந்தாலும் படபடப்பும் பேதியும் சேந்தே வரும்.

எனக்கு எது ஒத்து வந்துச்சுன்னா, முதல்ல மூச்சு. நெஞ்ச அசைக்காம வயிறு எழும்பற மாதிரி மூச்ச இழுத்து, இழுத்தத விட மெதுவா வெளிய விடறது, நிமிஷத்துக்கு ஆறு மூச்சு அளவுக்கு. வலி வந்தப்புறம் ஆரம்பிச்சா அவ்ளோவா கேக்காது, தினமும் வீட்ல பழகியிருந்தா தான் பஸ்ல கை குடுக்கும். அடுத்தது சாப்பாட்டு நேரம். நெறைய பேர் பயந்துட்டு காலைல பட்டினியா கெளம்புவாங்க, தண்ணி கூட குடிக்க மாட்டாங்க. ஆனா சாப்பிட்டதும் பெருங்குடல் அசையறது இயல்பு, காப்பியும் அதத் தூண்டும், அதனால நான் கெளம்பறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே ரெண்டு இட்லி சாப்பிட்டுடுவேன், வர்றது வீட்லயே வந்துரும். சின்ன வெங்காயம், பூண்டு, பருப்பு, பால், கோதுமை இதெல்லாம் சிலருக்கு வாயுவக் கூட்டும், டயட்டீஷியன் சொன்னபடி கொஞ்ச வாரம் நிறுத்திட்டு ஒவ்வொன்னா திருப்பி சேத்துப் பாத்தேன், எனக்கு பூண்டும் பாலும் தான் ஆகல, சாம்பார் தாராளமா ஒத்துக்குது. எல்லாத்தயும் காலத்துக்கும் நிறுத்தி ஒடம்ப இளைக்க வெச்சுக்காதீங்க.

பஸ் பயத்துக்கு கவுன்சிலிங் போனேன், அவங்க சொல்லிக் குடுத்தது ரொம்ப எளிமையான விஷயம், பயப்படற எடத்துக்கே கொஞ்சம் கொஞ்சமா போறது. முதல்ல லீவு நாள்ல கிணத்துக்கடவு வரைக்கும் போயி எறங்கி திரும்பறது, அப்புறம் உக்கடம் வரைக்கும், அப்புறம் ஆபீஸ் நேரத்துல. வலி வரும், உச்சத்துக்கு போகும், தானா எறங்கும், அந்த எறங்கறத ஒடம்பு பாத்தா தான் நம்பும்.

டாக்டர் ராத்திரிக்கு கொஞ்சூண்டு டோஸ்ல அமிட்ரிப்டிலின் குடுத்தார். இது மனச்சோர்வுக்கு குடுக்கற மருந்தாச்சே, என்னையப் பைத்தியம்னு நெனைச்சுட்டாரான்னு நெனைக்காதீங்க, குடல் நரம்போட வலியக் கொறைக்க தான் இத இவ்ளோ கம்மியா குடுக்கறாங்க. 2023ல பிரிட்டன்ல குடும்ப டாக்டர்கள் கிட்ட வர்ற ஐபிஎஸ்காரங்களுக்கு இதக் குடுத்துப் பாத்த ஆய்வு வெளியாச்சு, டம்மி மாத்திரைய விட நல்லாவே கேட்டுருக்கு. தூக்கம் வரும், வாய் வறளும், அதனால டாக்டர் எழுதிக் குடுத்தா மட்டும் எடுங்க, நீங்களா நிறுத்தவும் வேண்டாம்.

உங்க இன்டர்வியூவுக்கு இப்போதைக்கு சொல்றது: முந்தின நாள் ராத்திரி காரமும் எண்ணெயும் கொறைச்சு நேரத்தோட சாப்பிடுங்க, காலைல காப்பிய மட்டும் விட்டுடுங்க, சாப்பாட விடாதீங்க, அங்க சீக்கிரமே போயி பாத்ரூம் எங்க இருக்குன்னு ஒரே ஒரு தடவ பாத்து வெச்சுட்டு அத மறந்துருங்க. பேதி நிறுத்தற மாத்திரைய ஒவ்வொரு இன்டர்வியூவுக்கும் போட்டுட்டுப் போற பழக்கம் மட்டும் வேண்டாம், டாக்டர் கிட்ட கேட்டுட்டு என்னைக்காவது ஒரு நாள்னா சரி. பதட்டம் வயித்தோட நிக்காம தூக்கம், வேலைனு எல்லாத்தயும் கெடுக்குதுன்னா டெலி மானஸ்ங்கற மனநல உதவி எண் 14416க்கு கூப்பிடுங்க, மத்திய அரசோடது, காசு கிடையாது, தமிழ்லயே பேசலாம், உங்க பக்கத்து அரசு ஆஸ்பத்திரில யாரப் பாக்கணும்னும் அவங்க கிட்டயே கேட்டுக்கலாம்.