எதிரில் ஒரு ஆள்

அன்புள்ள ஐயா,

ஒரு பேராசிரியரின் கட்டுரைத் தொகுப்புக்குப் பெயரடைவு, அதாவது எந்தப் பெயர் எந்தப் பக்கத்தில் வருகிறது என்ற அகரவரிசைப் பட்டியல், தயாரிக்க ஒப்புக்கொண்டேன். 640 பக்கம். வீட்டிலிருந்தே வேலை. காலையில் கணினியைத் திறந்ததும் மின்விசிறியில் ஒட்டடை தெரியும். அதைத் துடைத்தால் புளியில் கொட்டை எடுக்காதது ஞாபகம் வரும். மூன்று மாதத்தில் 213 பக்கம்தான் ஆகியிருக்கிறது. மூளையே தேவைப்படாத வேலை, அதைக்கூடச் செய்யாத சோம்பேறியாகிவிட்டேன். இதற்குக் காலை நல்லதா, இரவா?

க., விருதுநகர்

அன்புள்ள க.,

காலையா இரவா என்பதை விடுங்கள், எப்போது தூக்கம் வரவில்லையோ அப்போது செய்யுங்கள். சோம்பேறி என்பதையும் விடுங்கள். சோம்பேறியாக இருந்தால் புளியையும் தொட்டிருக்க மாட்டீர்கள்.

ஆனால் மூளை தேவைப்படாத வேலை என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்குத்தான் கோபம் வந்தது. ஒரு கட்டுரையில் உ.வே.சா., இன்னொன்றில் சாமிநாதையர், வேறொன்றில் வெறும் 'ஐயரவர்கள்'. மூன்றும் ஒருவர்தானா, கடைசி ஆள் வேறு ஐயரா என்று முன்பின் படித்துத்தானே முடிவு செய்கிறீர்கள்? ஜானகிராமனை ச வரிசையில் வைப்பதா, ன முடிந்தபின் கிரந்த எழுத்துகளோடு வைப்பதா? இதெல்லாம் மூளையில்லாமல் நடக்கிறதா? அடைவு இல்லாத புத்தகத்தில் ஒரே ஒரு பெயரைத் தேடி இரண்டு நாளைத் தொலைத்தவன் நான். நீங்கள் செய்யும் வேலையை நீங்களே மட்டம் தட்டினால் கை எப்படி ஓடும்?

சரி, உங்களுக்கு உடனே பதில் எழுத வேறு காரணம் இருக்கிறது. இரண்டு வாரமாக அப்பாவின் நினைவாகவே இருக்கிறேன்.

அப்பா மதுரையில் ஓர் அச்சகத்தில் புரூஃப் பார்த்தார். மாலையில் பக்கம் பிரிக்காத நீள நீளமான புரூஃப் தாள்களைச் சுருட்டி வீட்டுக்குக் கொண்டுவருவார். மை வாசனை கூடம் முழுக்க இருக்கும். வந்ததும் பேனாவுக்கு மை ஊற்றுவார், நிப்பைத் துடைப்பார், வெற்றிலைப் பெட்டியை ஒழுங்குபடுத்துவார். புரூஃப் சுருட்டியது சுருட்டியபடியே கிடக்கும். நான் மூலப்பிரதியோடு எதிரில் போய் உட்கார்ந்தால்தான் அதை விரிப்பார். நான் வாசிக்க வேண்டும், கமா, பத்தி எல்லாம் சொல்லி. 'அதைச் செய்தான்' என்று வந்தால் 'அதை, இச்சு, செய்தான்' என்பேன். ஒற்று விட்டுப்போயிருந்தால் ஓரத்தில் ஒரு கோடு இழுப்பார். ஒருமுறை எனக்கு மூன்று நாள் காய்ச்சல். மூன்று நாளும் அந்தச் சுருள் அலமாரி மேலேயே இருந்தது. அவர் மறக்கவில்லை, ஒவ்வொரு சாயங்காலமும் அதை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தார்.

அன்றிலிருந்து நான் சொல்லிக்கொண்டிருப்பது இதுதான்: சலிப்பான வேலையைத் தனியாகச் செய்ய மனிதனால் முடியாது. உங்களிடம் குறைவது ஒழுக்கமோ நேரமோ இல்லை, எதிரில் ஒரு ஆள். நாற்று நடுகிறவர்கள் வரிசையாக நின்று பாடிக்கொண்டே நடுவதும் இதனால்தான். 1887-இல் சீவக சிந்தாமணியை அச்சேற்றிய உ.வே.சா.வுக்கும் ஏடுகளை ஒப்பிடும்போது உடன் உட்கார நண்பர்களும் மாணவர்களும் இருந்தார்கள். இப்போது வேலையை வீட்டுக்குக் கொடுத்தனுப்புகிறார்கள், கூட இருக்கும் ஆளை மட்டும் அனுப்புவதில்லை. நீங்கள் கதவைச் சாத்திக்கொண்டு உங்களையே திட்டிக்கொள்கிறீர்கள். பாவம் ஐயா நீங்கள்.

கதவைத் திறங்கள். வீட்டில் யாராவது அவரைக்காய்க்கு நார் எடுத்தால் அவர் பக்கத்தில் போய் உட்காருங்கள். அவருக்கு அடைவு பற்றி ஒன்றும் தெரியவேண்டாம். பக்கத்தைப் புரட்டிப் பெயரை வாய்விட்டுச் சொல்லுங்கள், அவர் 'ம்' என்று சொன்னால் போதும்.

அப்படி யாரும் இல்லையென்றால் என்னைக் கூப்பிடுங்கள். எண்ணைத் தனியாக அனுப்புகிறேன். நாளை பத்து மணிக்கு, 214-ஆம் பக்கத்திலிருந்து வாசியுங்கள்.