பேட்டரி மோட்டாரில் இறுகிப்போன புரொப்பெல்லர்: சுத்தியலை எடுப்பதற்கு முன்

தமிழ்நாடு-ஆந்திர எல்லையில் உள்ள தடாவுக்கு அருகே இறால் பண்ணை நடத்தும் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். குட்டைக்குள் தீவனம் தூவவும் நீரில் காற்றைக் கலக்கும் ஏரேட்டர்களைப் பார்வையிடவும் சிறிய ஃபைபர் படகொன்றில் 12 வோல்ட் டிரோலிங் மோட்டாரை (பேட்டரியில் ஓடும் சிறிய படகு மோட்டாரை) பொருத்தி மூன்று ஆண்டுகளாக ஓட்டி வருகிறார். புரொப்பெல்லரின் ஓர் இதழ் நுனி ஒடிந்துவிட்டதால் படகு அதிர்கிறது. புதிய புரொப்பெல்லர் வாங்கி வைத்திருக்கிறார். நட்டும் வாஷரும் எளிதாகக் கழன்றுவிட்டன. ஆனால் பழைய புரொப்பெல்லர் இம்மியும் அசையவில்லை. பார்க்க வந்த மெக்கானிக், "மோட்டார் உள்ளே பிடித்துவிட்டது, கீழ்ப்பகுதி முழுவதையும் மாற்ற வேண்டும்" என்று சொல்ல, அவருடன் வந்தவர் பழைய மோட்டாரை இரண்டாயிரம் ரூபாய்க்கு எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். "தட்டிக் கழற்றலாமா, அல்லது விற்றுவிடுவதே நல்லதா?" என்பது அவருடைய கேள்வி.

விற்க வேண்டாம். உங்கள் கடிதத்திலேயே பதில் இருக்கிறது: மோட்டார் இன்னும் ஓடுகிறது, படகு அதிர்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். உள்ளே பிடித்துப்போன மோட்டார் ஓடாது. இதழ் ஒடிந்த புரொப்பெல்லர் எடை ஒருபக்கமாகச் சாய்ந்து சுற்றுவதால் அதிர்வு வருகிறது. அது மோட்டாரின் நோய் அன்று. புரொப்பெல்லர் ஷாஃப்டில், அதாவது அதைச் சுற்றும் தண்டில், ஒட்டிக்கொண்டிருப்பது தனிக் கோளாறு, அதுவும் வெளிப்புறக் கோளாறு.

எதனால் ஒட்டுகிறது என்பதை முதலில் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. இந்த மோட்டார்களில் புரொப்பெல்லர் ஷாஃப்டின் மேல் மரைபோட்டு ஏறுவதில்லை, வெறுமனே செருகப்பட்டிருக்கிறது. ஷாஃப்டின் குறுக்கே துளையிட்டு அதில் ஒரு சிறிய எஃகுக் கம்பியை நுழைத்திருப்பார்கள். அதற்கு டிரைவ் பின் என்று பெயர். புரொப்பெல்லரின் குடத்தில் (இதழ்கள் சேரும் நடுப்பகுதியில்), மோட்டாரைப் பார்த்த பக்கத்தில், அந்தக் கம்பி உட்காருவதற்கான வெட்டு இருக்கும். ஆகவே நட்டைக் கழற்றிய பிறகு அதைப் பிடித்துவைத்திருக்கக்கூடியவை மூன்றே மூன்று: குடத்துக்கும் ஷாஃப்டுக்கும் நடுவே இறுகிய உப்பும் வெள்ளைப் பொடியும், வளைந்த அல்லது முறிந்த டிரைவ் பின், குடத்துக்குப் பின்னால் சுற்றிக்கொண்ட தூண்டில் நரம்பு. பழவேற்காட்டு ஏரிப் பக்கத்தில் முதலாவதும் மூன்றாவதும் பெரும்பாலும் சேர்ந்தே வருகின்றன. வடகிழக்குப் பருவமழையில் ஆரணி ஆறும் காளங்கி ஆறும் நன்னீரைக் கொண்டுவந்து சேர்க்கும் மாதங்களில் ஏரித் தண்ணீரில் உப்பு குறைவாக இருக்கும். கோடையில் முகத்துவாரம் மணலால் அடைபட்டு நீர் வற்றும்போது உப்பு ஏறிக்கொண்டே போகும். அந்த நீரைக் குட்டைக்கு இறைக்கிறவர்களின் மோட்டார்கள் சித்திரை, வைகாசியில்தான் என் பட்டறைக்கு வருகின்றன.

வேலையைத் தொடங்குமுன் பேட்டரியின் இரண்டு ஒயர்களையும் கழற்றிவிடுங்கள். சுவிட்சை அணைத்தால் போதும் என்று நினைக்காதீர்கள்; உப்புக்காற்றில் இருந்த சுவிட்சை நம்பி விரலை இதழ்களுக்கு நடுவே வைக்கக் கூடாது. இன்னொன்றும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நட்டைக் கழற்றிவிட்டு மோட்டாரை எதிர்த்திசையில் வேகமாக ஓட்டினால் புரொப்பெல்லர் தானே கழன்று விழும் என்று சிலர் சொல்லித்தருகிறார்கள். கழன்றால் அது எங்கே பறக்கும் என்பதைச் சொல்லித்தருவதில்லை. அதைச் செய்யாதீர்கள்.

பிறகு மோட்டாரைப் படகிலிருந்து இறக்கி, புரொப்பெல்லர் இருக்கும் கீழ்ப்பகுதி மட்டும் மூழ்கும்படி நல்ல தண்ணீர் நிறைந்த வாளியில் ஓர் இரவு ஊறவிடுங்கள். அது தண்ணீருக்குள் ஓடுவதற்காகவே அடைத்துச் செய்யப்பட்டது, ஊறுவதால் கெடாது. மறுநாள் காலையில் டார்ச் விளக்கை வைத்துக்கொண்டு குடத்துக்கும் மோட்டார் உறைக்கும் நடுவே உள்ள மெல்லிய இடைவெளியைப் பாருங்கள். தங்கூசி நரம்பு சுற்றியிருந்தால் கண்ணாடி வளையம் போல மினுங்கும். சூட்டில் உருகியிருந்தால் கருத்த பிசின் போலத் தெரியும். அதைச் சிறிய கத்தியால் சுற்றுவாட்டில் அறுக்காமல், ஷாஃப்டின் நீளவாக்கில் பல இடங்களில் கீறி, குறடால் துண்டு துண்டாக இழுத்தெடுங்கள். கத்தி நுனி, தண்ணீர் புகாமல் தடுக்க உள்ளே இருக்கும் ரப்பர் சீலைத் தொட்டுவிடக் கூடாது. கொட்டலசு (ஓடுள்ள சிறு கடலுயிர்) ஒட்டியிருந்தால் மரச் சீவலால் சுரண்டினாலே போதும்.

அடுத்தது வெந்நீர். கொதிக்கும் நீர் வேண்டாம். கை பொறுக்காத அளவு சூடு, ஏறத்தாழ 60 முதல் 70 டிகிரி வரை போதுமானது. பிளாஸ்டிக் சூட்டில் விரிவது எஃகைவிட நான்கைந்து மடங்கு அதிகம் என்பதால், குடத்தின் மேல் மட்டும் இரண்டு மூன்று நிமிடங்கள் மெதுவாக ஊற்றினால் துளை ஷாஃப்டைவிட வேகமாக அகன்று, நடுவே இறுகியிருந்த உப்பின் பிடி விடும். தீயை மட்டும் காட்டாதீர்கள்; பெட்ரோலோ தின்னரோ ஊற்றாதீர்கள்; முன்னது குடத்தை உருக்கும், பின்னவை சீலின் ரப்பரை உப்பச் செய்யும். சூடு ஆறுமுன் டிரைவ் பின் படுக்கைவாட்டில் இருக்கும்படி புரொப்பெல்லரைத் திருப்பிவைத்து (நேராக நின்றால் குடம் வெளியே வரும்போது பின் நழுவி விழுந்துவிடும்), இதழ்களின் நுனியைப் பிடிக்காமல் அவற்றின் அடிப்பகுதியை இரண்டு கைகளாலும் பற்றி நேராக உங்களை நோக்கி இழுங்கள். வரவில்லையென்றால் குடத்துக்குப் பின்னால் எதிரெதிர்ப் பக்கங்களில் இரண்டு மெல்லிய மர ஆப்புகளை ஒரே அளவில் நுழைத்து விரலால் அழுத்துங்கள்; அல்லது ரப்பர் சுத்தியலால் ஓர் இதழின் அடியில் பின்புறமிருந்து லேசாக ஒரு தட்டு, அரைச் சுற்றுத் திருப்பி எதிர்ப்பக்கம் ஒரு தட்டு என்று மாற்றி மாற்றித் தட்டுங்கள். பழைய புரொப்பெல்லர் உடைந்தால் உடையட்டும், அது போகப்போவதுதான். ஷாஃப்ட் வளைந்தால் மோட்டாரே போயிற்று.

இவ்வளவு நேரம் "நேராக இழுங்கள்" என்றே சொன்னேன். இதற்கு ஒரு விலக்கு உண்டு. அதைப் பொறுமையாகப் படியுங்கள், ஏனெனில் பலர் இங்கேதான் தவறிவிடுகிறார்கள். பெரும்பாலான மோட்டார்களில் ஷாஃப்டின் நுனியில் திருப்புளி உட்காருவதற்கான ஒரு வெட்டு இருக்கும். அதில் திருப்புளியை அழுத்தி ஷாஃப்டை அசையாமல் பிடித்துக்கொண்டு, மற்றொரு கையால் புரொப்பெல்லரை மெல்லச் சுற்றிப் பாருங்கள். இரண்டும் சேர்ந்தே சுற்ற முயன்றால் பின் முழுதாக இருக்கிறது. மேலே சொன்னபடி நேராக இழுப்பது ஒன்றே வழி. புரொப்பெல்லர் மட்டும் தனியாகச் சுற்றினால் பின் முறிந்திருக்கிறது என்று பொருள். முறிந்த பின்னின் விளிம்பு பிசிறாக எழும்பித் துளையின் உட்சுவரைக் கவ்விக்கொண்டிருக்கும். இந்த நிலையில் நேராக இழுத்தால் பிசிறு பிளாஸ்டிக்கில் இன்னும் ஆழமாகப் புதையும். ஆகவே இந்த ஒரு நிலையில் மட்டும், ஷாஃப்டைத் திருப்புளியால் பிடித்தபடியே, புரொப்பெல்லரை இடமும் வலமுமாகக் கால் சுற்று, கால் சுற்றாக அசைத்துக்கொண்டே வெளியே இழுக்க வேண்டும். எங்கோ ஓரிடத்தில் பிடி சற்றுத் தளர்வது கையில் தெரியும். அந்த இடத்தில் நிறுத்தி இழுங்கள். ஷாஃப்ட் நுனியில் வெட்டு இல்லையென்றால் இரண்டு நட்களை மரையில் ஏற்றி ஒன்றோடொன்று இறுக்கி, உள்பக்க நட்டை ஸ்பேனரால் பிடித்தால் அதே பயன் கிடைக்கும். வெளியே எடுக்குமுன் அவற்றைக் கழற்றிவிட வேண்டும். பின் முறிந்து, நட்டும் கழலாமல் இருப்பவர்களுக்கும் இதே திருப்புளிதான் துணை: ரிங் ஸ்பேனரை நட்டில் மாட்டி, அதன் வளையத்துக்கு நடுவே திருப்புளியை நுழைத்து ஷாஃப்டைப் பிடித்துக்கொண்டு, பின்னாலிருந்து பார்க்கும்போது இடஞ்சுழியாக நட்டைத் திருப்ப வேண்டும்.

ஷாஃப்டின் நுனியில் இரும்புச் சுத்தியலால் அடிப்பதைப் பற்றித் தனியாகவே சொல்ல வேண்டும். இந்த மோட்டாரின் உறைக்குள் வளைந்த ஓட்டுத் துண்டுகள் போன்ற ஃபெரைட் காந்தங்கள் பசையால் ஒட்டப்பட்டிருக்கின்றன. ஃபெரைட் என்பது பீங்கானைப் போன்றது, அடி தாங்காது. சென்ற கோடையில் ஒருவர் கொண்டுவந்த மோட்டாரைத் திறந்தேன். புரொப்பெல்லரைக் கழற்ற ஷாஃப்டில் நான்கு அடி அடித்தார்களாம். காந்தத்தின் விளிம்பிலிருந்து நகக்கண் அளவு சில்லு ஒன்று பெயர்ந்து ஆர்மேச்சரின் (கம்பிச் சுருளோடு சுழலும் உள்பகுதியின்) மேல் பற்றிக்கொண்டிருந்தது. அது சுற்றிய தடம் கம்பிச் சுருளின் மேல் கோடு கோடாகப் பதிந்து, எனாமல் உரிந்து செம்பு மின்னியது. கார்பன் தூளும் தண்ணீரும் கலந்து கறுப்புக் குழம்பாக அடியில் தேங்கியிருந்தது. புரொப்பெல்லரும் அந்த அடிகளில் கழன்றிருக்கவில்லை. பின் வளைந்திருந்தது, அவ்வளவே. இழுப்பான் கருவி, அதாவது புல்லர், போடுவதும் இதே குற்றம்தான். அது இழுக்கும் அதே பலத்தோடு ஷாஃப்டை உள்ளே தள்ளுகிறது.

இனி, உங்களிடம் விலை பேசிய மனிதருக்கு வருகிறேன். புரொப்பெல்லரைக் கழற்றிய பின் ஷாஃப்டை விரல்களால் சுற்றிப் பாருங்கள். சீராகச் சுற்றாமல், சிறு சிறு படிகளில் தடுக்கித் தடுக்கிச் சுற்றுவது போல இருக்கும். அது காந்தத்தின் இயல்பான ஈர்ப்பு. புத்தம்புதிய மோட்டாரிலும் அப்படித்தான் இருக்கும். இந்தத் தடுக்கலைத்தான் இவர்கள் வாடிக்கையாளரின் விரலைப் பிடித்துத் தொட்டுக்காட்டி, "பாருங்கள், உள்ளே பிடிக்கிறது" என்கிறார்கள். இன்னும் துணிந்தவர்கள் பேட்டரியிலிருந்து கழற்றிய மோட்டார் ஒயர்கள் இரண்டையும் ஒன்றாகத் தொடவைத்து, சுவிட்சை முழு வேகத்தில் வைத்துவிட்டுச் சுற்றிக்காட்டுவார்கள். அப்போது மோட்டார் ஜெனரேட்டராக மாறித் தன்னைத்தானே தடுப்பதால் ஷாஃப்ட் இன்னும் கனமாகச் சுற்றும். அதுவும் நல்ல மோட்டாரின் அடையாளம்தான். கரகரவென்று மணல் அரைபடும் ஓசையோ, ஒரே இடத்தில் ஒவ்வொரு முறையும் உரசலோ இருந்தால் மட்டும் உள்ளே கோளாறு என்று கொள்ளுங்கள். இப்படிச் சொற்ப விலைக்கு வாங்கப்பட்ட மோட்டார்கள், பத்து ரூபாய்ப் பின் மாற்றப்பட்டு வேறொரு பண்ணையில் "செகண்ட் ஹாண்ட்" என்று விற்கப்படுவதை நான் பார்த்திருக்கிறேன்.

இந்த வியாபாரம் நடப்பதற்கு இடம் கொடுப்பது யார் என்று கேட்டால், விற்கிறவர்கள்தான். மோட்டாரை இறக்குமதி செய்து விற்கிறார்கள். ஆனால் பின், நட், வாஷர் மூன்றும் அடங்கிய சிறிய பொட்டலத்தைக் கும்மிடிப்பூண்டியிலோ சூளூர்பேட்டையிலோ கேட்டால் முழுக் கீழ்ப்பகுதியின் விலைப்பட்டியலை நீட்டுகிறார்கள். புரொப்பெல்லரைக் கழற்றும் முறை கையேட்டில் இருக்கிறது. ஆங்கிலத்தில், எறும்பு போன்ற எழுத்தில் இருக்கிறது. எல்லையின் இந்தப் பக்கம் தமிழும் அந்தப் பக்கம் தெலுங்கும் பேசுகிற பண்ணைகளுக்கு விற்கும்போது, இரண்டு மொழியிலும் ஒரு பக்கம் அச்சிட்டு வைக்க என்ன செலவாகிவிடும்? உத்தரவாதக் காலத்தில் போய்க் கேட்டாலோ, உப்பு நீரில் ஓட்டினீர்களா என்பதுதான் முதல் கேள்வி. இங்கே வேறு எந்த நீரில் ஓட்டுவது?

பின் கிடைக்கவில்லை என்பதற்காக ஆணியை வெட்டிப் போட்டுவிடாதீர்கள். ஆணி துருப்பிடித்துப் பருத்து, அடுத்த முறை புரொப்பெல்லர் கழலாமல் இருப்பதற்கு அதுவே காரணமாகும். டிரில் பிட்டின் தண்டைப் போடுவது அதைவிட மோசம். கட்டையில் இடித்தால் முறிய வேண்டியது பின், அது முறியாவிட்டால் குடமோ ஷாஃப்டோ அடியை வாங்கும். அதே தடிமனில் ஸ்டெயின்லெஸ் கம்பியை லேத் பட்டறையில் வெட்டி வாங்கி, முனைகளை அரத்தால் மழுக்கிப் போடுங்கள்.

மாட்டும்போது ஷாஃப்டை நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து, நீரில் கரையாத கிரீஸை மெல்லிய படலமாகத் தடவுங்கள். குடத்தின் வெட்டு பின்னின் மேல் முழுதாக உட்கார்ந்த பிறகே வாஷரும் நட்டும். நட் ஒட்டி நின்றதும் அதற்கு மேல் கால் சுற்று, அதோடு நிறுத்திவிடுங்கள். கூடுதலாக இறுக்கினால் குடம் நசுங்கி மறுபடியும் ஷாஃப்டைக் கவ்வும். மாதம் ஒருமுறை நட்டைக் கழற்றிப் புரொப்பெல்லரை வெளியே எடுத்து, நரம்பு சுற்றியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு மாட்டுங்கள். கோடை மாதங்களில் பதினைந்து நாளைக்கு ஒருமுறை. மாற்றுப் பின்கள் இரண்டைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு மோட்டாரின் கைப்பிடியிலேயே டேப் சுற்றி வைத்துவிடுங்கள்.