நாற்பதைத் தாண்டியவர்கள் ஆல்ப்ஸில் குடிலுக்குக் குடில் சைக்கிளில் சுற்றி வர முடியுமா? இ-பைக் எடுத்தால் ஏமாற்று வேலையா?

முடியும். ஏமாற்று வேலையும் கிடையாது. (குடில் என்றால் மலைமேல் சாப்பாடும் படுக்கையும் தரும் விடுதி, இ-பைக் என்றால் மிதிக்கும்போது மோட்டார் கைகொடுக்கும் சைக்கிள்.) இத்தோடு நிறுத்திவிடலாம்தான், ஆனால் கேள்விக்குக் கீழே நீங்களே எழுதியிருக்கும் வரி என்னை விடவில்லை: "ஏற்றத்தில் இறங்கித் தள்ள வேண்டி வந்தால் மானம் போய்விடும்." அதற்காகத்தான் இந்தப் பதில்.

நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது. ஜெர்மனியிலோ ஆஸ்திரியாவிலோ ஐடி வேலை, வார இறுதியில் ஆற்றங்கரையில் சைக்கிள், முழங்காலில் லேசான சத்தம் என்று வைத்துக்கொள்கிறேன். நானும் அந்த ரகம்தான். ஊர் கோயம்புத்தூர்ப் பக்கம், வீடு மியூனிக். பள்ளிக்குப் போன லேடி பேர்டுக்கு அப்புறம் பல வருஷம் சைக்கிளைத் தொட்டதில்லை.

நாங்கள் சுற்றியது ஜெர்மனி-ஆஸ்திரிய எல்லையில் உள்ள கார்வெண்டல் மலைத்தொடர். "அதெல்லாம் ஒரு சவாலா, இத்தாலியில் டோலமைட்ஸ் மலைக்குப் போயிருக்க வேண்டும்" என்று எழுதக் காத்திருப்பவர்கள் தாராளமாகப் போய் வாருங்கள். கேள்வி கேட்டவர் பயிற்சி இல்லாதவர். மியூனிக்கிலிருந்து ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குள் மலையடிவாரத்தில் இறங்கி, நல்ல ஏற்றமும் நல்ல சாப்பாடும் பார்க்க இதைவிட வசதியான சுற்று எனக்குத் தெரியவில்லை.

வழியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆஸ்திரிய எல்லைக்குள் ஷார்னிட்ஸ், 964 மீட்டர். அங்கிருந்து கார்வெண்டல் பள்ளத்தாக்கு வழியாகச் சரளைச் சாலை. முதல் பாதி நம்மைக் கெட்டிக்காரர் என்று நம்ப வைக்கும். கடைசியில் வளைவு வளைவாக ஏறி கார்வெண்டல்ஹவுஸ் குடில், 1,771 மீட்டர். அதற்குச் சற்று மேலே ஹோக்ஆல்ம்சாட்டல் கணவாய். அதைத் தாண்டினால் க்ளைனர் ஆஹோர்ன்போடன் என்ற மேப்பிள் மரச் சமவெளிக்குச் சரேலென்று நானூறு மீட்டர் இறக்கம். மறுபடி ஏறினால் ஃபால்கன்ஹூட்டே குடில், 1,848 மீட்டர். திரும்பும்போது யோஹானஸ் பள்ளத்தாக்கில் இறங்கி ஹின்டர்ரிஸ். ஆஸ்திரிய ஊர்தான், ஆனால் கார் சாலை ஜெர்மனியிலிருந்து மட்டுமே உண்டு. அப்புறம் ஃபோர்டர்ரிஸ், ஈஸார் ஆற்றங்கரையோடு வால்காவ், மிட்டன்வால்ட், மீண்டும் ஷார்னிட்ஸ். மொத்தம் ஏறத்தாழ 80 கிலோமீட்டர், ஏற்றம் 1,500 மீட்டர் அளவுக்கு வரும். கால் பலம் உள்ளவர்கள் ஒரே நாளில் முடிக்கிறார்கள். நீங்கள் இரண்டு இரவு தங்குங்கள்.

ஃபால்கன்ஹூட்டே நிற்கும் உயரம் நம்ம குன்னூர் உயரம்தான். ஆனால் குன்னூரில் அந்த உயரத்தில் தேயிலையும் யூகலிப்டஸும் நிற்கும். இங்கே மரமே முடிந்துபோய் இடுப்பளவு குட்டைப் பைன் புதர்தான். நிழல் கிடையாது. எல்லாம் சுண்ணாம்புக்கல் மலை என்பதால் மழைத் தண்ணீர் உள்ளே இறங்கிவிடுகிறது. வழியில் எங்கேயாவது பிடித்துக்கொள்ளலாம் என்று பாட்டிலைக் காலியாக வைத்திருக்காதீர்கள்.

இப்போது தள்ளும் விஷயம். ஃபால்கன்ஹூட்டே ஏற்றத்தில் நான் பெரும்பாலும் தள்ளித்தான் போனேன். மறைக்க ஒன்றுமில்லை. மிகச் சிறிய கியர் போட்டும் சரளையில் பின்சக்கரம் வழுக்கிச் சுழலும் இடம் வரும். அங்கே மிதித்தால் மூச்சு வீணாகும், சைக்கிள் நகராது. தள்ளுவதற்கும் ஒரு முறை இருக்கிறது. இரண்டு கையாலும் ஹாண்டில்பாரைப் பிடித்து சைக்கிளை மட்டும் ஓரடி முன்னால் தள்ளி, பிரேக்கை அமுக்க வேண்டும். சைக்கிள் அப்படியே நிற்கும். அதைப் பிடிமானமாக வைத்து நாம் இரண்டு எட்டு ஏறி, பிரேக்கை விட்டு மறுபடி தள்ள வேண்டும். முதுகை வளைத்து ஒரே மூச்சாகத் தள்ளினால் பத்தே நிமிடத்தில் இடுப்பு போய்விடும். பெடல் கெண்டைக்காலில் இடிக்காமல் இருக்க, சைக்கிளை உடம்பிலிருந்து ஒரு சாண் தள்ளியே வையுங்கள். என் வலது காலில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது.

அந்த ஏற்றத்தில் என் வீட்டுக்காரர் எடுத்த வீடியோவைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார். கொழுந்தனார் உடனே கேட்டார்: "அண்ணி, தள்ளிக்கிட்டே போறதுக்கு எதுக்கு சைக்கிள்? நடந்தே போயிருக்கலாமே?" குழுவில் இருபது பேர் சிரித்து வைத்தார்கள். அவருக்குப் பைக்கில் பால் வாங்கப் போகவே அலுப்பு, அது வேறு கதை.

அவருக்கு அன்றைக்குச் சொன்ன பதிலையே உங்களுக்கும் சொல்கிறேன். மலை சைக்கிளில் ஆல்ப்ஸைக் குறுக்கே கடக்கும் வழக்கத்துக்கு முன்னோடியாகச் சொல்லப்படும் பாதை ஆண்டி ஹெக்மயருடையது. ஜெர்மனியின் ஓபர்ஸ்ட்டோர்ஃபில் தொடங்கி இத்தாலியில் கார்டா ஏரி வரை. அவருடைய அப்பா ஆண்டர்ல் ஹெக்மயர், 1938இல் சுவிட்சர்லாந்தின் ஐகர் மலையின் வடக்குச் சுவரை முதன்முதலில் ஏறிய நால்வரில் ஒருவர். அப்படிப்பட்ட குடும்பத்து ஆள் வகுத்த பாதையிலேயே ஷ்ரோஃபன் கணவாய் என்று ஓரிடம் வருகிறது. பாறையை ஒட்டி ஒற்றையடித் தடம், ஒரு பக்கம் பள்ளம். அங்கே எல்லோரும் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டுதான் போகிறார்கள். அதற்காக அவர்கள் சைக்கிளில் ஆல்ப்ஸைக் கடக்கவில்லை என்று யாரும் சொல்வதில்லை. கொழுந்தனார் இதற்கு ஒரு கட்டைவிரல் மட்டும் போட்டார்.

இ-பைக்காரர்கள் எங்களைத் தாண்டிப் போனார்கள், கையசைத்தார்கள், மேலே ஆளுக்கொரு பியரோடு உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு அவர்கள்மேல் ஒரு புகாரும் இல்லை. ஐரோப்பியச் சட்டப்படி சாதாரண இ-பைக்கின் மோட்டார் 250 வாட்தான், மணிக்கு 25 கிலோமீட்டரில் உதவியை நிறுத்திவிடும். மிதிக்காமல் அது நகராது. ஆனால் இரண்டு விஷயம் யோசியுங்கள். குடில்களில் மின்சாரம் தாராளமாக இருக்காது, பேட்டரி சார்ஜ் செய்ய விடுவார்களா என்று முன்பதிவின்போதே கேட்டுவிடுங்கள். இன்னொன்று, பேட்டரி தீர்ந்தால் இருபது கிலோவுக்கு மேல் கனக்கும் வண்டியை, நான் மேலே சொன்ன அதே முறையில், நீங்கள்தான் தள்ள வேண்டும்.

உண்மையில் பயப்பட வேண்டியது இறக்கத்துக்குத்தான். ஹோக்ஆல்ம்சாட்டலிலிருந்து இறங்கும் சாலையில் முட்டை அளவுக் கற்கள் உருண்டு கிடக்கும். பயத்தில் பிரேக்கை விடாமல் பிடித்தே இறங்கினால் டிஸ்க் சூடாகி ஒரு தீய்ந்த நெடி வரும், விரல் மரத்துப்போகும், பிரேக் பிடிப்பும் குறையும். நறுக்கென்று பிடித்து வேகத்தைக் குறைத்துவிட்டு முழுசாக விடுங்கள், அடுத்த வளைவுக்கு முன் மறுபடி பிடியுங்கள். சீட்டை இறக்கிவிட்டுப் பெடலில் நின்றபடி வாருங்கள். கீழே மேப்பிள் மரங்களுக்கு நடுவே ஹெர்மன் ஃபோன் பார்த் நினைவுச் சின்னம் இருக்கிறது. 1870இல் ஒரே கோடையில் இந்தத் தொடரில் 88 சிகரங்கள் ஏறிய மனிதர். அங்கே உட்கார்ந்து எலுமிச்சை சாதம் சாப்பிட்டோம்.

எல்லாச் சாலையிலும் சைக்கிள் விடலாம் என்று நினைக்காதீர்கள். ஆஸ்திரியாவின் 1975 வனச் சட்டப்படி காட்டில் யாரும் நடக்கலாம், சைக்கிளுக்குச் சாலைக்கு உரியவரின் அனுமதி வேண்டும். சைக்கிள் வழி என்று திறந்துவிட்ட சாலைகளிலேயே போங்கள். ஃபால்கன்ஹூட்டேயிலிருந்து எங் பள்ளத்தாக்குக்கு இறங்கும் தடம் வரைபடத்தில் ஆசை காட்டும், அது நடப்பவர்களுக்கானது. மாட்டு வேலியின் கதவைத் திறந்தால் மூடுங்கள். மின்கம்பி வேலி என்றால் பிளாஸ்டிக் கைப்பிடியை மட்டும் தொடுங்கள்.

சைவம் என்றால் ஒரு எச்சரிக்கை. பாலாடைக்கட்டி உருண்டை போட்ட சூப் பல குடில்களில் கிடைக்கும், உருண்டையில் இறைச்சி இருக்காது, ஆனால் அந்தத் தெளிந்த சாறு பெரும்பாலும் மாட்டெலும்பில் வைத்தது. கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். கைசர்ஷ்மார்ன் பாதுகாப்பானது, கொத்து பரோட்டாவை இனிப்பாகச் செய்தது மாதிரி இருக்கும், முட்டை உண்டு. படுக்க, உள்ளே நுழைந்து தூங்கும் மெல்லிய துணிப்பை கொண்டுபோக வேண்டும். இரவு பத்து மணிக்கு மேல் சத்தம் கூடாது.

இவ்வளவு செய்துவிட்டு வீட்டுக்கு வந்தால் எங்கள் அடுக்ககத்தில் ஒரு கடிதம் ஒட்டியிருந்தது. பாதாள அறைக்குப் போகும் படியில் சேற்றுத் தடம் இருக்கிறதாம், சைக்கிளைக் கழுவிவிட்டுத்தான் உள்ளே கொண்டுவர வேண்டுமாம். எங்கே கழுவுவது? முற்றத்தில் குழாய் இருக்கிறது, அதில் பூட்டு. சாவி நிர்வாகத்திடம். நிர்வாகம் செவ்வாய்க்கிழமை காலை மட்டும் போன் எடுக்கும். குளிர்காலத்தில் எதிர்வீட்டுக்காரர் பனிச்சறுக்குக் கட்டையிலிருந்து அதே படியில் தண்ணீர் சொட்டச் சொட்டப் போவார், அதற்கு ஒரு கடிதமும் வராது. வாளியில் தண்ணீர் பிடித்து மாடியிலிருந்து இறக்கித்தான் கழுவினேன். இதற்கும் உங்கள் கேள்விக்கும் சம்பந்தமில்லை, தெரியும்.

சரி, நடைமுறைக்கு வருகிறேன். ஜூலை, ஆகஸ்ட் என்றால் பிற்பகல் இடிமழையை மனதில் வைத்து அதிகாலையில் கிளம்புங்கள். சனிக்கிழமை இரவுக்குப் பல வாரம் முன்பே படுக்கை பதிவு செய்யுங்கள், வர முடியாவிட்டால் ரத்து செய்துவிடுங்கள். மலையேறுவோருக்கான ஆல்பைன் சங்கத்தில் உறுப்பினரானால் படுக்கைக் கட்டணம் குறையும், மலை மீட்புக் காப்பீடும் அதிலேயே அடங்கும். ஆஸ்திரியாவில் மலை அவசர எண் 140, இல்லாவிட்டால் 112. ரயிலில் சைக்கிளுக்குத் தனி டிக்கெட் வாங்கிவிடுங்கள். வெயில் அடிக்கும் ஞாயிறு மாலையில் மிட்டன்வால்டிலிருந்து திரும்பும் ரயிலில் சைக்கிள் ஏற்ற இடம் கிடைப்பது, ஃபால்கன்ஹூட்டே ஏற்றத்தைவிடக் கஷ்டம்.